உன் அம்மாவுக்காக நான் செய்த பிஸ்கட்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அண்ணனும் அண்ணியும் நலம், போன மாதம் ஒழுகிய கூரைகூட ஆள் வைத்துப் பார்த்தபிறகு நலமாகத்தான் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று வழக்கம்போலக் கேட்டிருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சோடு பேச்சாக, “ரெண்டு பாதமும் மரத்துப்போற மாதிரி இருக்குப்பா, ஊசி ஊசியா குத்துது” என்று சொல்லிவிட்டு, உடனே உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்த கதைக்குத் தாவிவிட்டாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகையால் இந்தத் தடவை நலமா என்று கேட்கவில்லை, கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். இதைக் கடைசிவரை படித்துவிட்டுத்தான் மற்ற வேலை. நடுவில் கோபம் வந்தால் வரட்டும், கீழே மட்டும் வைத்துவிடாதே.

போனிலேயே சொல்லியிருக்கலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். உன் அண்ணன் இங்கே வந்திருக்கும்போது பேசினால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவன் இரண்டு வார்த்தையும் அண்ணி நாலு வார்த்தையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தனியாக இருக்கும்போது கூப்பிடலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன், ஏனென்றால் உன் குரல் இப்போதெல்லாம் அப்படியே உன் அம்மாவின் குரல். உன் அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவளைப்போல இனிமேல் பால், முட்டை, கறி, மீன் எதையும் தொடுவதில்லை, அம்மாவுக்காக நானும் வீகன் ஆகிவிட்டேன் என்று நீ சொன்னாய். அவள் அந்த வார்த்தையைக் கேட்டதுகூட இல்லை, அவள் பாட்டுக்குச் செய்தாள். அதற்குப்பிறகு அந்த பிஸ்கட் செய்முறையை மூன்று தடவை கேட்டுவிட்டாய். “அம்மாவுக்குன்னு நீங்க தனியா செய்வீங்களேப்பா, அந்த வாசனை வந்தாத்தான் வீட்டுல அம்மா இருக்கற மாதிரி இருக்கும்” என்று சொன்னாய். முதல் தடவை, அளவெல்லாம் பேக்கரி நோட்டில் இருக்கிறது என்றேன். இரண்டாவது தடவை, மறந்துபோய்விட்டது என்றேன். முப்பத்து நாலு வருஷம் மாவு பிசைந்தவனுக்கு அளவு மறந்துவிட்டதாம், கேட்கிறவன் கேனயனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள், அந்தக் கதைதான். மூன்றாவது தடவை சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன், பிறகு அதற்கு வருகிறேன். பேக்கரி வேலையை விட்டுவிட்டேன், அது உனக்குத் தெரியும். உடம்பு முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்படியில் டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்கிறது. அம்மாவுக்கான பிஸ்கட் இருந்த அந்தப் பெரிய தகர டப்பா, மூடியை இழுத்தால் ஒரு முனகல் முனகிவிட்டு டப்பென்று திறக்குமே, அதே சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் டப்பா மூடியபடிதான் இருக்கிறது, உள்ளே ஒன்றும் கிடையாது, நான்தான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். உன் அண்ணனிடம் சொன்னதற்கு, “அது ஃபிரிட்ஜ் சத்தம்பா, பழசாயிடுச்சு” என்று சொல்லி மறுநாளே ஆள் கூட்டிவந்து ஃபிரிட்ஜை மாற்றிவிட்டான். புது ஃபிரிட்ஜ் பூனைமாதிரி இருக்கிறது, சத்தமே இல்லை. டப்பா சத்தம் மட்டும் நிற்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று இப்போது நச்சரிக்கிறான். எனக்குப் பயமில்லை, கட்டின பெண்டாட்டிக்கு என்ன பயம். ஆனால் அந்தச் சத்தத்தோடு பிஸ்கட் வாசனையும் வருகிறது, பிறகு வாய்க்குள் மேலண்ணத்தில் ஒரு வழவழப்பு ஒட்டிக்கொள்கிறது, நாக்கால் எத்தனை தடவை துழாவினாலும் போகவில்லை. பேக்கரியில் கடைசிப் பல வருஷம் கையில் ஒட்டியிருந்த அதே கொழுப்பு. வெந்நீர் குடித்துப் பார்த்துவிட்டேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்துவிட்டேன். உன் அம்மாவின் துணிமணியைக் காரியம் முடிந்த அன்றைக்கு அவசரத்தில் வேறு பெட்டி இல்லாமல் பேக்கரியிலிருந்து வந்த அட்டைப்பெட்டியில்தான் அடுக்கி பீரோமேல் வைத்தோம், அந்தக் கொழுப்பு வருகிற பெட்டி, பக்கத்தில் பச்சை இலை படம் போட்டிருக்கும். படுத்தால் அந்த இலை என்னையே பார்க்கிறது. திருப்பி வைத்தேன், மறுபக்கத்திலும் இலை போட்டிருக்கிறான்.

அம்மா ஏன் அப்படி மாறினாள் என்று உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது விடுதியில் இருந்தாய். குஞ்சு பொரிக்கிற பண்ணையில் அவளுக்கு முட்டை பார்க்கிற வேலை, விளக்குக்கு முன்னால் முட்டையைப் பிடித்து எதில் உயிர் இருக்கிறது, எது கூமுட்டை என்று பிரிப்பாள், ஒன்பது வருஷம் அதைச் செய்தாள். ஒருநாள் ஆள் குறைவு என்று அவளைப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அங்கே பொரித்து ஒருநாள்கூட ஆகாத குஞ்சுகள் எந்திரம் இழுக்கிற ரப்பர் பட்டையில் ஓடிவரும், பெண் குஞ்சு ஒரு பக்கம், ஆண் குஞ்சு ஒரு பக்கம், முட்டையிடாத ஆண் குஞ்சு போகிற பக்கம் அரைக்கிற எந்திரம் இருக்கும், அவ்வளவுதான் சொல்வேன். மூன்றாம் நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். “இந்தக் கைதான் பிரிச்சுது, இனிமே இந்தக் கையால நான் ஒரு முட்டை உடைக்க மாட்டேன், உயிர்கிட்ட இருந்து வர்ற எதுவும் எனக்கு வேண்டாம்” என்று சொன்னாள். பாலும் விட்டாள், நெய்யும் விட்டாள். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். பேக்கரிக்காரன் பெண்டாட்டி வெண்ணெய் தின்னமாட்டாளாம் என்று கடையில் சொல்லிச் சிரித்தேன், அவள் காதுபடவே சொன்னேன். இரண்டு வருஷம் சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதெல்லாம் சண்டை. ஒருநாள் அவள் எனக்கு ஆம்லெட் போட மறுத்தபோது தட்டைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டு உடைந்து அவள் கணுக்காலில் சில்லு ஏறியது. வாசற்படியில் கிழித்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னாளே, அந்தத் தழும்புதான். இதை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அந்தக் காயத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாயால் கேட்டுப் பழக்கமில்லாதவன். எனக்குத் தெரிந்தது மாவு ஒன்றுதான். அப்போதுதான் எங்கள் முதலாளி வெண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை என்று வனஸ்பதிக்கு மாறியிருந்தார், வெள்ளைவெளேரென்று கட்டியாக இருக்கும், கோடையிலும் உருகாது, பஃப்ஸுக்கு அடுக்கடுக்காக அப்படி எழும்பும். பெட்டிமேல் தாவரக் கொழுப்பு என்று எழுதியிருந்தது, பச்சை இலையும் இருந்தது. எனக்குள் விளக்கு எரிந்தது. பாலில்லை, முட்டையில்லை, மாட்டுக்கும் கோழிக்கும் சம்பந்தமில்லை, செடியிலிருந்து வருகிறது, இதைவிட நல்லது என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன். அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு பிஸ்கட் போட்டேன். முட்டை இல்லாததால் மாவுக்குப் பிடிப்பு வராது, உதிர்ந்துபோகும், அதனால் வழக்கமாகப் போடுகிற வெண்ணெயைப்போல ஒன்றரை மடங்கு வனஸ்பதி போட்டேன். மைதா, சர்க்கரை, அந்தக் கொழுப்பு, ஏலக்காய் வாசனை. வாயில் வைத்தால் கரையும். டப்பாவில் போட்டுக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, “இதுல எந்த உயிரும் இல்ல, தைரியமா தின்னு” என்றேன். அவள் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண் கலங்கியது. நல்லா இருக்கு என்றாள். அன்றைக்கு எங்களுக்குள் சண்டை தீர்ந்தது.

அதற்குப்பிறகு எட்டு வருஷம், சுண்டெலி. வாரம் ஒரு தட்டு. நாலு மணிக்கு நான் வேலை முடிந்து வருவேன், டீ போடுவாள், பாலில்லாத டீ, டப்பாவைத் திறந்து எனக்கு இரண்டும் அவளுக்கு இரண்டும் எடுத்துவைப்பாள். நான் அவள் கடிக்கிறவரை பார்த்துக்கொண்டு நிற்பேன். நல்லா இருக்கு என்று சொன்னபிறகுதான் உட்காருவேன். ஒருநாள் அந்த டப்பாவைக் கழுவும்போது குளிர்ந்த தண்ணீருக்கு வழவழப்புப் போகாமல் வெந்நீர் வைத்தாள். “டப்பாவுக்கு வெந்நீர் ஊத்தறோம், என் வயித்துக்குள்ள யாரு ஊத்துவா?” என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போகிறது. அந்தக் கொழுப்பு கையில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? அப்படியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. செடி என்ற ஒரு வார்த்தை என் கண்ணைக் கட்டிவிட்டது.

கடைசி மூன்று வருஷமாக அவளுக்குக் கால் மரத்துப்போகும் என்பது உனக்குத் தெரியும். நாள் பூராவும் நிற்கிறாயே, அதான் என்றேன். உட்கார்ந்திருந்தபோதும் மரத்தது. உட்கார்ந்தே இருக்கிறாயே, அதான் என்றேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, அதற்கும் வயசு என்று ஒரு பதில். பிறகு அந்த நாள். அவள் எப்படிப் போனாள் என்று எல்லோருக்கும் ஒரு கதை சொல்லியிருக்கிறோம், டீ குடித்துக்கொண்டிருந்தாள், சாய்ந்துவிட்டாள் என்று. அது உண்மைதான், முழு உண்மையில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டபோது அவள் உதட்டோரத்தில் பிஸ்கட் துணுக்கு இருந்தது. மற்றவர்கள் வருவதற்குள் அதை நான் என் கட்டைவிரலால் துடைத்துவிட்டேன். ஏன் துடைத்தேன்? அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, யாரும் எதுவும் சொல்லவில்லை, இருந்தாலும் துடைத்தேன். அந்த விரலை இந்தப் பதினான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு என்றார். உன் அண்ணன் அழுதுகொண்டே, “அம்மா எண்ணெய்ப் பலகாரம்கூட அதிகம் தின்னமாட்டாங்களே டாக்டர், கறி இல்ல, முட்டை இல்ல, நெய் இல்ல” என்று கேட்டான். நான் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதுவரை சொன்னது எனக்கு ஏற்கனவே தெரிந்தது. இனிமேல் சொல்வது எனக்குப் போன மாதம்தான் தெரியவந்தது. நம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் வந்து ரொம்ப நேரம் நின்றார், உட்காருங்கள் என்றாலும் உட்காரவில்லை. பிறகு ஒரு அட்டையைக் கொடுத்தார். ஆஸ்பத்திரி அட்டை, உன் அம்மாவின் பேரில், அவள் போவதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. கால் மரத்துப்போவதற்காக இவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உன் அம்மா போயிருக்கிறாள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் அனுப்பியிருக்கிறார்கள். அட்டையில் தெளிவாக எழுதியிருக்கிறது. வனஸ்பதி கலந்த பிஸ்கட், பஃப்ஸ் எல்லாவற்றையும் உடனே நிறுத்தவும். வைட்டமின் பி-பன்னிரண்டு மிகக் குறைவு, மாத்திரையை விடாமல் எடுக்கவும். மூன்று மாதத்தில் திரும்ப வரவும். அவள் திரும்பப் போகவில்லை. மாத்திரையும் ஒரு அட்டைதான் வாங்கியிருக்கிறாள், வீட்டில் வைத்தால் என்ன மாத்திரை, எதற்கு என்று நான் கேட்பேன் என்று தையல்காரம்மா வீட்டில் வைத்திருந்து அங்கே போய்ப் போட்டுக்கொண்டாளாம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தையல்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “நானும் கேட்டேங்க. அதுக்கு உங்க வீட்டம்மா, அந்த மனுஷன் வாழ்க்கையிலேயே மொத தடவையா எனக்குன்னு ஒண்ணு செஞ்சு கொண்டாந்தாரு, அத எப்படிக்கா வேண்டாம்னு சொல்றதுன்னாங்க. சொன்னா மறுபடி பழைய மாதிரி ஆயிடுவாரோன்னு பயம் வேற” என்று. பிறகு இன்னொன்றும் சொன்னார். நான் இல்லாதபோது அவள் அந்த டப்பாவைத் தொடவே மாட்டாளாம். சரி, இரண்டோடு போகட்டும் என்று நீ நினைப்பாய். நான் விட்டேனா? வாரக் கடைசியில் டப்பாவைத் திறந்து பார்ப்பேன், மிச்சமிருந்தால், “ஏன், நான் செஞ்சது பிடிக்கலையா?” என்று கேட்பேன். நான் விளையாட்டாகக் கேட்பதாகத்தான் நினைத்தேன். அவள் உடனே இரண்டை எடுத்து என் கண்ணெதிரே தின்பாள். அந்த ஆஸ்பத்திரி அட்டை வாங்கிய பிறகும் இரண்டு வருஷம் தின்றிருக்கிறாள். எது உள்ளே போகிறது என்று தெரிந்தே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தின்றிருக்கிறாள். அதைக் கேட்டபிறகு நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தையல்காரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், கண்ணாடி போட்ட, சிரிக்காத மனுஷி, எதை எவ்வளவு தின்பது என்று காட்டுகிற தட்டுப் படம் சுவரில் ஒட்டியிருக்கிறார். நான்தான் கொன்றேனா, சொல்லுங்கள் என்று நேராகக் கேட்டேன். அவர் பதறவில்லை. “ஒரே காரணம் இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க, ரத்த அழுத்தம் இருந்திருக்கு, பரம்பரை இருந்திருக்கலாம். ஆனா அந்த வனஸ்பதி நல்லதா கெட்டதான்னு கேட்டா, கெட்டதுதான்” என்றார். பொய் ஆறுதல் சொல்லாததற்காக எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எண்ணெயைக் கெட்டியாக்குவதற்காக அதற்குள் ஹைட்ரஜனை ஏற்றும்போது ரத்தக்குழாய்க்கு ஆகாத ஒரு கொழுப்பு உண்டாகிறதாம், செடியில் பிறந்ததாலேயே அது சாதுவாகிவிடாதாம். உன் அம்மா செய்தது தப்பே இல்லை என்றும் சொன்னார், செடிகொடிகளை மட்டும் நம்பி நூறு வயசு வரைக்கும் திடமாக வாழலாம், ஆனால் எதை விட்டோம் என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்த இடத்தில் எதை வைத்தோம் என்றும் பார்க்க வேண்டும் என்றார். வாரம் ஒருநாள் அங்கே வகுப்பு நடக்கிறது, பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நான் ஒருத்தன் நோட்டும் பேனாவுமாக. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு எழுதியதில்லை. எழுதியதைத்தான் உனக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

நீ என்ன தின்கிறாய் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு வீடியோவில் உன் மேசையைப் பார்த்தேன். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, வீகன் என்று போட்ட கேக், வீகன் என்று போட்ட பிஸ்கட் பாக்கெட், பழச்சாறு. ஒரு பச்சைக்காய் கண்ணில் படவில்லை. அட்டைமேல் இலை படம் இருந்தால் நம்பாதே, இலை படத்தை நம்பி நான் பட்டது போதும். பாக்கெட்டைத் திருப்பி பொடி எழுத்தைப் படி, ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் என்று எந்த வடிவத்தில் எழுதியிருந்தாலும் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வா. கடையில் பொரிப்பதும் வேண்டாம், ஒரே எண்ணெயை நாள் முழுக்கக் காய்ச்சுவான், எனக்குத் தெரியாதா, நான் அந்தப் பக்கம் நின்றவன். பனை எண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டையும் குறைத்துக்கொள், அதுவும் உறைகிற ஜாதிதான். அதற்காகக் கொழுப்பே வேண்டாம் என்று பட்டினி கிடக்காதே, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பாதாமோ அக்ரூட்டோ தினமும் தின்னு, எள்ளும் ஆளி விதையும் பொடித்துச் சேர்த்துக்கொள். தட்டில் பாதி காயும் கீரையும் பழமும், கால் பங்கு பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, சோயா என்று மாற்றி மாற்றி, மிச்சம் கால் பங்குதான் தவிடு நீக்காத தானியம். பருப்பிலும் கீரையிலும் எலுமிச்சை பிழிந்துகொள், அப்போதுதான் இரும்புச்சத்து உடம்பில் சேருமாம், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராமலே போய்விடுமாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடி. மற்ற எல்லாவற்றையும் செடிகொடிகளிடம் வாங்கிக்கொள்ளலாம், பி-பன்னிரண்டு ஒன்று மட்டும் அங்கே கிடைக்காது, அதை மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும். கால் மரத்துப்போகிறது என்று நீ சொன்னது அதனால் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. முந்தி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவன் நான், இப்போது எனக்குப் பதில் கிடையாது. நீயே போய் ரத்தம் கொடுத்துப் பார். மரத்துப்போவதை ரொம்ப நாள் விட்டால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாமலே போய்விடக்கூடும் என்று அந்த ஆஸ்பத்திரி அம்மா சொன்னார்.

நீ கேட்ட செய்முறையை அனுப்பமாட்டேன். அளவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இந்தக் கையோடு அது போகட்டும். வாசனை வேண்டும் என்றாய், உன் ஏக்கம் எனக்குப் புரிகிறது. எனக்கு அந்த வாசனை கேட்காமலே தினமும் வருகிறது, அது அம்மாவைக் கொண்டுவருவதில்லை, அவளுடைய வாயைத்தான் கொண்டுவருகிறது, மூடிய வாயை. தினமும் நாலு மணிக்கு டப்பாவைத் திறக்கிறாளே, ஒருநாளாவது என்னைத் திட்டிவிட்டுப் போகமாட்டாளா என்று காத்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோதே சொல்லாதவள் இப்போதா சொல்லப்போகிறாள். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் எனக்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னவர்களே கிடையாது, நீ, அண்ணன், அம்மா ஒருத்தரும் சொன்னதில்லை. நான் நல்ல அப்பன் என்பதால் அல்ல, எந்த நேரம் தட்டு பறக்குமோ என்ற பயத்தால்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன டப்பா வருகிறது. வேறு பிஸ்கட், ஓட்ஸ், வேர்க்கடலை விழுது, வாழைப்பழம், முட்டைக்குப் பதில் ஆளி விதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்திருக்கிறேன், வனஸ்பதி கிடையாது, சர்க்கரை பேருக்கு. முதல் தட்டு செங்கல்லாக வந்தது, உன் அண்ணன் கடித்துவிட்டுப் பல்லைத் தடவிக்கொண்டே, “நல்லா இருக்குப்பா” என்றான், உன் அம்மா சொன்ன அதே வார்த்தை. இது ஐந்தாவது தட்டு. எனக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நீ ஒன்றை எடுத்து வாயில் வை. நன்றாக இல்லை என்றால் துப்பிவிடு, துப்பிவிட்டு உடனே எனக்குப் போன் போட்டு, நன்றாக இல்லை அப்பா, எனக்கு வேண்டாம் என்று சொல். வேறு பேச்சுக்குத் தாவாதே, சமாதானம் சொல்லாதே, அம்மா விஷயத்தில் என்மேல் கோபம் வந்தால் அதையும் சேர்த்துச் சொல். நான் போனை வைக்கமாட்டேன். கடைசிவரை கேட்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், பாதம் தரையில் நன்றாக உணர்வோடு பதிந்து, பல்லாண்டு நடக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். இந்த வாரமே ரத்தப் பரிசோதனை, மறக்காதே, முடிவு வந்ததும் அப்படியே படம் எடுத்து அனுப்பு. நல்ல செய்தி மட்டும் அனுப்புகிற பழக்கம் நம் வீட்டில் உன் அம்மாவோடு முடியட்டும்.

இப்படிக்கு,
வேண்டாம் என்ற சொல்லை உன் வாயால் கேட்கக் காத்திருக்கும்
உன் அப்பா